ஒன்பது சீட்டு போதும்: விருப்ப வரிசை வாக்கை நீங்களே எண்ணிப் பாருங்கள்

மேயர் தேர்தலில் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தாமல், பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போடச் சொன்னால் அதுதான் விருப்ப வரிசை வாக்கு. சான் பிரான்சிஸ்கோ 2004இலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரம் 2018இலும் உள்ளாட்சித் தேர்தலில் இதை நடத்திப் பார்த்தன. நமக்கும் இது அந்நியமில்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள். 1969இல் வி.வி.கிரி முதல் விருப்ப வாக்குகளில் வெற்றி இலக்கை எட்டவில்லை, அடுத்த விருப்பங்களை எண்ணிய பிறகே வென்றார். இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை வரை போக வேண்டியிருந்தது.

இந்த முறையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் நிறையப் பேசுகிறார்கள். ஒரு முறையாவது கையால் எண்ணிவிட்டுப் பேசினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கணினி வேண்டாம், பேனாவும் ஒன்பது துண்டுச் சீட்டுகளும் போதும்.

படி 1: சீட்டுகளை எழுதுங்கள்

மூன்று வேட்பாளர்கள். பெயருக்குப் பதில் சின்னம் வைத்துக்கொள்வோம்: குடை, குடம், விளக்கு.

4 சீட்டுகளில்: 1 குடை, 2 விளக்கு, 3 குடம்
3 சீட்டுகளில்: 1 குடம், 2 விளக்கு, 3 குடை
2 சீட்டுகளில்: 1 விளக்கு, 2 குடம், 3 குடை

படி 2: எண்ணத் தொடங்கும் முன் விதிகளைத் தீர்மானியுங்கள்

முதல் தடவை எண்ணுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், பிறகு பாதி எண்ணிக்கையில் தகராறு வரும். ஒருவர் இரண்டு பேருக்கு '1' போட்டிருந்தால் என்ன செய்வது? 1 போட்டு, 2 போடாமல், 3 போட்டிருந்தால்? கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் யாரை நீக்குவது, குலுக்கலா, முந்தைய சுற்றின் கணக்கா? எல்லாவற்றையும் எழுதிவைத்த பிறகுதான் முதல் சீட்டைப் பிரிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு விதி வகுத்தால் தோற்றவர் அதை நம்ப மாட்டார்.

படி 3: முதல் சுற்று

1 என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். சின்னத்துக்கு ஓர் அடுக்காகப் பிரித்து வையுங்கள். குடை 4, குடம் 3, விளக்கு 2.

ஒன்பதில் பாதிக்கு மேல் என்றால் 5 வேண்டும். யாருக்கும் இல்லை. வழக்கமான தேர்தலாக இருந்தால் இங்கேயே குடை வென்றிருக்கும்.

படி 4: கடைசியில் இருப்பவரை நீக்கி, சீட்டுகளை மாற்றுங்கள்

விளக்குதான் கடைசி. விளக்கின் அடுக்கை எடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் 2 யாருக்கு என்று பாருங்கள். இரண்டுமே குடத்துக்கு. அந்த அடுக்கில் சேர்த்துவிடுங்கள்.

குடம் 5, குடை 4. குடம் வென்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடைக்கு வாக்களித்த நான்கு பேரின் இரண்டாம் விருப்பத்தை நாம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நீக்கப்பட்டவரின் சீட்டு மட்டுமே அடுத்த விருப்பத்துக்குப் போகும். 'எல்லோருடைய இரண்டாம் விருப்பமும் கணக்கில் வரும்' என்று பிரச்சாரத்தில் யாராவது சொன்னால் அது சரியல்ல.

படி 5: எண் போடாமல் விட்டவர்கள்

விளக்குக்கு 1 போட்ட அந்த இருவரும் 2, 3 போடாமல் விட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நீக்கியதும் அந்தச் சீட்டுகளுக்குப் போக இடமில்லை. அவற்றைத் தனியே வையுங்கள். அவை செல்லாத வாக்குகள் அல்ல, முதல் சுற்றில் முறையாக எண்ணப்பட்டவை. இப்போது தீர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

மீதி ஏழு சீட்டுகள்: குடை 4, குடம் 3. குடை வென்றுவிட்டது! ஏழில் நான்கு பெரும்பான்மைதான், ஆனால் ஒன்பதில் நான்கு அல்ல. 'வென்றவருக்கு 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்' என்பதோடு 'கடைசிச் சுற்றில் எஞ்சிய சீட்டுகளில்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 6: நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள்

பழையபடி எல்லோரும் மூன்று எண்ணும் போட்ட ஒன்பது சீட்டுகளுக்கே வாருங்கள். இருவர் இருவராக மோத விடுங்கள்.

விளக்கும் குடையும் மட்டும் நின்றால்: விளக்கு 5, குடை 4.
விளக்கும் குடமும் மட்டும் நின்றால்: விளக்கு 6, குடம் 3.

யாரோடு தனியாக மோதினாலும் வெல்லும் விளக்கு, நம் எண்ணிக்கையில் முதல் ஆளாக வெளியேறிவிட்டது. அதே ஒன்பது சீட்டுகள். ஒற்றை முத்திரைக் கணக்கில் குடை, நீக்கல் கணக்கில் குடம், நேருக்கு நேர் கணக்கில் விளக்கு. எந்தச் சீட்டும் மாறவில்லை, எண்ணும் விதிதான் மாறியது.

படி 7: இது நிஜமாகவே நடந்த ஊர்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் சிறிய நகரம். மேயர் தேர்தலுக்கு 2006இல் இந்த முறையைப் பயன்படுத்தியது, 2009 மார்ச்சில் மறுபடியும். அந்த இரண்டாவது தேர்தலின் முதல் சுற்று இது:

கர்ட் ரைட் (குடியரசுக் கட்சி) 2951
பாப் கிஸ் (முற்போக்குக் கட்சி, அப்போதைய மேயர்) 2585
ஆண்டி மான்ட்ரோல் (ஜனநாயகக் கட்சி) 2063
டான் ஸ்மித் (சுயேச்சை) 1306

பசுமைக் கட்சியின் ஜேம்ஸ் சிம்ப்சனுக்கு 35, சீட்டில் கையால் எழுதப்பட்ட பெயர்களுக்கு 36. ஸ்மித்தோடு இவற்றை எல்லாம் கூட்டினாலும் மான்ட்ரோலைத் தொட முடியாது என்பதால் மூன்றையும் ஒரே சுற்றில் நீக்கினார்கள். ரைட் 3294, கிஸ் 2981, மான்ட்ரோல் 2554 என்று ஆனது. அடுத்து மான்ட்ரோல் வெளியேற, கிஸ் 4313, ரைட் 4061. கிஸ் மறுபடியும் மேயர்.

இனி படி 5ஐ நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் சுற்றில் இருந்தவை 8976 வாக்குகள். 4313 என்பது அதில் 48 சதவீதம். சுமார் 600 சீட்டுகள் வழியில் தீர்ந்துவிட்டன.

படி 6ஐயும் செய்யலாம். மான்ட்ரோல், கிஸ் இருவர் மட்டும் என்றால் 4067க்கு 3477. மான்ட்ரோல், ரைட் என்றால் 4597க்கு 3668. நம் விளக்கின் கதைதான். வெளியாட்கள் இதைக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு சீட்டிலும் இருந்த வரிசையைப் பெயரில்லாமல் வெளியிட்டிருந்தார்கள். சுற்றுவாரி மொத்தத்தை மட்டும் அறிவித்திருந்தால் மான்ட்ரோலைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

2010 மார்ச்சில் நகர மக்கள் வாக்களித்து இந்த முறையை ரத்து செய்தார்கள். ஏறக்குறைய 52க்கு 48 என்ற நெருக்கமான முடிவு. நகராட்சி நடத்திய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பணச் சிக்கலால் அப்போது கிஸ் மீது கடும் கோபம் இருந்தது. அது முறை மீதான கோபமா, மேயர் மீதான கோபமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் திரும்பிப் போனது 40 சதவீத விதிக்கு. யாருக்கும் 40 கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு இடையே மறுதேர்தல். 2009இல் அந்த விதி இருந்திருந்தால்? ரைட்டுக்கு 33 சதவீதம்தான். மறுதேர்தல் ரைட்டுக்கும் கிஸ்ஸுக்கும் நடந்திருக்கும், மான்ட்ரோல் அப்போதும் வெளியேதான். விருப்ப வரிசை முறையை ஆதரித்தவர்கள் இந்த வாதத்தை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2021இல் நகர மன்றத் தேர்தலுக்கு இதே முறையை அந்த ஊர் வாக்காளர்களே பெரும்பான்மையோடு ஆதரித்தார்கள்.

உங்கள் சங்கத்திலோ கல்லூரியிலோ நடத்திப் பார்க்க விரும்பினால்

முக்கியமான பதவியோடு தொடங்காதீர்கள். விழாவுக்கான தேதி, நூலகத்துக்கு வாங்கும் இதழ் போன்ற ஒன்றை எடுங்கள். மாதிரிச் சீட்டை முன்பே கொடுத்து எண் போட்டுப் பழக விடுங்கள். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எண் போடலாம், 2 போடுவதால் 1க்கு எந்தக் கெடுதலும் வராது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் பலர் ஒரே எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முடிவை அறிவிக்கும் பலகையில் ஒவ்வொரு சுற்றின் மொத்தமும், தீர்ந்த சீட்டுகளின் எண்ணிக்கையும், தொடக்கத்தில் இருந்த மொத்தச் சீட்டுகளும் இருக்கட்டும். எல்லா வரிசைகளையும் படி 1இல் எழுதியதுபோல் தொகுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். சந்தேகம் உள்ளவர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.