ஆவணக் காப்பகத்தில் முன்னோரைத் தேடுவது எப்படி?

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களில் பலர், கொள்ளுத்தாத்தாவின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பெயரை வைத்து அங்கே எதையும் எடுத்துத் தருவது கடினம். 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கிய அந்தக் கட்டடத்தில் ஏடுகள் துறை, மாவட்டம், தாலுகா, கிராமம், ஆண்டு என்ற வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. வரி வாங்கியபோதும், மானியத்தை உறுதிசெய்தபோதும், ஒருவரை வேலைக்கு அமர்த்தியபோதும்தான் அரசு நம் முன்னோரின் பெயரை எழுதி வைத்தது. எனவே, அரசுக்கும் நம் குடும்பத்துக்கும் எந்த விவகாரத்தில், எந்த ஊரில், எந்த ஆண்டில் தொடர்பு ஏற்பட்டது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த விவகாரம் நிலம்தான்.

ஆகவே தேடலை வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள். தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி கட்டிய ரசீது என எது கிடைத்தாலும் அதிலுள்ள கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தின் முதல் வரியில் 'துந்துபி௵ ஆடி௴ ௧௫௳' என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம். ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம், ௳ என்பது தேதி, ௧௫ என்பது 15. ௸ என்ற குறி மேற்படி என்பதையும், ௹ என்பது ரூபாயையும் குறிக்கும். ஆனால் துந்துபி என்ற ஆண்டு அறுபது வருடங்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அது 1862 ஆகவும் இருக்கலாம், 1922 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருக்கும் அரசர் அல்லது அரசியின் உருவத்தையோ, பத்திரத்தில் வேறிடத்தில் வரும் ஆங்கிலத் தேதியையோ, பசலி ஆண்டையோ வைத்துத்தான் அதை உறுதிசெய்ய முடியும். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1332 என்றால் 1922 ஜூலை முதல் 1923 ஜூன் வரை.

வீட்டில் பத்திரம் எதுவும் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அண்மைக் காலத்துக்கான வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பெறலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுக் கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேடச் செய்ய வேண்டும். கிடைக்கும் பத்திரங்களில் பாகப்பிரிவினைக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். தகப்பனார் பெயர், அண்ணன் தம்பிகள், மைனர் பிள்ளைகள், யார் எந்த ஊரில் குடியிருந்தார்கள் என்பது வரை ஒரே பத்திரத்தில் கிடைத்துவிடும்.

இவ்வளவும் கையில் வந்தபின் காப்பகத்துக்குப் போனால், என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். அடையாளச் சான்றோடு, இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்ன ஆண்டுகளுக்கான செட்டில்மெண்ட் பதிவேடு (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த ஏடு) வேண்டும் என்று நோக்கத்தையும் விளக்கி எழுதிக் கொடுங்கள். உங்கள் பட்டாவிலுள்ள எண் பழைய எண்ணாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல புல எண்கள் உட்பிரிவாயின. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பழைய எண்ணுக்கென்று தனிக் கலம் உண்டு. அதைப் பார்க்காமல் போனால் வேறு யாருடைய வயலையோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

குடும்பத்துக்கு மானிய நிலம், அதாவது வரி நீக்கியோ குறைத்தோ கொடுக்கப்பட்ட இனாம் நிலம் இருந்திருந்தால், 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேட்டை அவசியம் கேளுங்கள். மானியத்தைக் கொடுத்தது யார், முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவித்து வந்தவர் யார், அவருடைய வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்ற விவரங்களுக்கெல்லாம் அதில் கலங்கள் உண்டு. ஒரே வரியில் மூன்று தலைமுறை கண்ணில் படும்போது ஏற்படும் நெகிழ்ச்சியை வேறு எந்த ஏட்டிலும் நான் உணர்ந்ததில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம், ஏடுகளில் பெருங்குழப்பத்தை உண்டாக்கும். 1865-இல் வரும் முத்துசாமியும் 1920-இல் வரும் முத்துசாமியும் ஒருவரே என்று நானும் ஒருமுறை எழுதி வைத்திருந்தேன். இருவருடைய தகப்பனார் பெயரையும் ஒப்பிட்ட பிறகுதான், நடுவில் ஒரு தலைமுறையையே விட்டுவிட்டது தெரிந்தது. தகப்பனார் பெயர், கிராமம், சர்வே எண் ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே இரண்டு பதிவுகளை இணையுங்கள்.

பெண்களைத் தேடுவதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய நிலப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் அரிது. ஆனால் மைனர் மகனுக்குக் கார்டியனாகக் கையெழுத்திட்ட தாய், ஜீவனாம்சத்துக்கு நிலம் எழுதி வாங்கிய விதவை, சீதனமாகத் தான செட்டில்மெண்ட் பத்திரம் (கொடையாக எழுதித் தரும் பத்திரம்) பெற்ற மகள் என்று பத்திரங்களில் தென்படுவார்கள். ஆகவே பத்திரத்தை நடுவில் விடாமல் சாட்சிக் கையெழுத்து வரை படியுங்கள்.

ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், அப்பகுதியின் பழைய ஏடுகளைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். அவற்றில் கேரள வழக்கிலுள்ள கொல்லம் ஆண்டு வரும். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் தகப்பனார் பெயரும் சொந்தக் கிராமமும் உண்டு. அங்கே பிறந்தவர்கள் அதிலிருந்து தொடங்கி இங்கே வரலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பிப் பயனில்லை; 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை.

காப்பகத்துக்குப் பென்சிலும் நோட்டும் கொண்டு செல்லுங்கள். பழைய தாள் எளிதில் நொறுங்கும், மை பட்டால் அழியாது. பதிவை எழுதும்போது தொகுதி எண், பக்க எண், பார்த்த தேதி மூன்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எந்தெந்த ஏட்டில் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் குறித்து வைத்தால், அடுத்த முறை அதே தொகுதியை மறுபடியும் கேட்டு வாங்கி ஒரு நாளை இழக்க நேராது.