உரிமை வழக்கு போடப் போகிறீர்களா? முதலில் காகிதம் சேருங்கள்

அநியாயம் நடந்ததும் பலர் நேரே வக்கீலிடம் போய் "ஹைகோர்ட்டில் கேஸ் போடுங்க சார்" என்கிறார்கள். போடலாம். ஆனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21வது பிரிவு நீதிபதிக்கு மனப்பாடம், உங்களுக்கு நடந்ததுதான் அவருக்குத் தெரியாது, அதைத் தாளில் காட்டியாக வேண்டும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு இருளர் பழங்குடிப் பிள்ளைக்குச் சாதிச் சான்று இழுத்தடிக்கப்பட்டு, கல்லூரியில் சேர முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பேச்சாகக் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. கோட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, என் மனு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அந்த மௌனமும் ஆதாரம்தான். கேட்டும் செய்யவில்லை என்று காட்டினால்தான் 226வது பிரிவில் போடும் ரிட் மனு, அதாவது அதிகாரிக்கு உத்தரவிடச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் கேட்கும் மனு, நிற்கும்.

கோரிக்கையைக் குறுக்கிக் கேளுங்கள். "பழங்குடியினருக்கு நீதி வேண்டும்" என்றால் உத்தரவு போட முடியாது. "இந்தத் தேதி மனுமீது இத்தனை வாரத்தில் முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்றால் முடியும். அதே ஊரில் இன்னும் பத்துப் பிள்ளைகள் இப்படி நிற்கிறார்களா? அவர்கள் மனுக்களையும் சேர்த்தால் 14வது பிரிவின் சமத்துவ வாதம் வலுவாகும். பெரிய தீர்ப்புகளும் ஒற்றை ஆளின் பிரச்சினையிலிருந்துதான் கிளம்பின. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்த வழக்கில்தான், 1978ல், சட்டம் சொல்லும் நடைமுறையே நியாயமாக இருக்க வேண்டும் என்றானது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில் 2017ல் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள்.

காலம் ஆகும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பழங்குடி மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமை நடந்தது 1992 ஜூனில். 1995ல் உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது, 2011ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023ல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் சாட்சியத்தில் பின்வாங்கவில்லை, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சென்னை உயர்நீதிமன்றம்தான், மதுரைக் கிளை இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.