ஒற்றைத் தலைவலியும் பாக்கெட் உணவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் முதலில் பழி போடுவது அஜினோமோட்டோ மேல்தான். சந்தேகப்படுவது தப்பில்லை. உணவில் சேர்க்கிற சில பொருள்கள் சிலருக்கு வலியைக் கிளப்பலாம். ஆனால் ஒரே ஒரு தடவை வலித்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். பகலில் சரியான தூக்கமில்லை, டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் தள்ளுவண்டியில் ஃபிரைடு ரைஸ் சாப்பிடுகிறார். ராத்திரி ஒரு பக்கம் மண்டை இடிக்கிறது. ஃபிரைடு ரைஸ்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பட்டினியையும் தூக்கக் கேட்டையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவை நன்றாகத் தெரிந்த தூண்டுதல்கள். காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்திருந்தாலே அன்றைய வலி வராமல் போயிருக்கலாம்.

இன்னொன்று, வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு இரண்டு நாள் முன்பே, கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் எதையாவது தின்றே ஆக வேண்டும் என்ற ஆசையும் வரும். அந்த ஆசையில் சாக்லேட் சாப்பிட்டுவிட்டு, சாக்லேட்டால்தான் வலி வந்தது என்று நம்பிவிடுகிறோம்.

பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 621 என்றால் மோனோசோடியம் குளூட்டமேட், அதாவது அஜினோமோட்டோ. நூடுல்ஸ் மசாலாவில் வரும் 627, 631, 635 வேறு சுவையூட்டிகள். 621 இல்லாவிட்டாலும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் இருந்தால் குளூட்டமேட் உண்டு; தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. இதனால் தலைவலி வருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சாசேஜ், சலாமியில் சேர்க்கும் 250 சோடியம் நைட்ரைட். சர்க்கரை இல்லாத பானங்களில் வரும் 951 அஸ்பார்டேம். இந்த இரண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் எது காரணம் என்றே தெரியாது. காபியைத் திடீரென விட்டால் அதனாலேயே தலை வலிக்கும். ஒரு சந்தேகப் பொருளை மட்டும் சில வாரம் விட்டுப் பாருங்கள். சாப்பாடு, தூக்கம், வெயில், மாதவிடாய் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அப்புறம் எந்த உணவை விட்டும் பயனில்லை. அந்த நிலைமை வருவதற்குள் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

திடீரென இதுவரை வராத கடும் வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் சாப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.