இண்டக்‌ஷன் அடுப்பில் தோசை வரை: எந்தப் பாத்திரம், எந்த பிளக், எத்தனை வாட்

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும்போது அடுப்புக்கு 3,000 ரூபாய் ஒதுக்குகிறோம், பாத்திரத்துக்கு எதுவும் ஒதுக்குவதில்லை. பல வீடுகளில் அது வெந்நீர் வைக்கவும் நூடுல்ஸ் செய்யவும் மட்டும் என்று மூலைக்குப் போவதற்குக் காரணம் இதுதான். இந்த முறையில் சூடாவது அடுப்பு இல்லை, பாத்திரத்தின் அடிப்பாகம். அதனால் நல்ல பாத்திரத்தோடு சாதாரண அடுப்பு பிரமாதமாக வேலை செய்யும். விலையுயர்ந்த அடுப்பில் தவறான பாத்திரம் வைத்தால் ஒன்றும் நடக்காது.

கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று தட்டையாகச் சுற்றப்பட்டிருக்கும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உள்ளே இருக்கும் போர்டு முதலில் டிசியாக மாற்றும். பிறகு ஐஜிபிடி என்ற ஸ்விட்ச் அதை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அலையும் மின்னோட்டமாக்கிச் சுருளுக்குள் அனுப்பும். அதைவிடக் குறைந்தால் நம் காதுக்கே கேட்கும். மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காந்தப்புலம் மேலே இருக்கும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே விதி.

அப்படியானால் அலுமினியம் ஏன் சூடாவதில்லை? இரும்பில் தூண்டப்படும் மின்னோட்டம் அடியில் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நெருக்கியடித்து ஓடுகிறது. வழி குறுகல், தடை அதிகம், சூடும் அதிகம். அலுமினியத்தில் அதே மின்னோட்டம் அரை மில்லிமீட்டர் வரை பரவிவிடும். அலுமினியம் நல்ல மின்கடத்தியும்கூட. தடையில்லாத இடத்தில் சூடு பிறக்காது. செம்பு, பித்தளை, வெண்கலம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

முதல் வேலை: காந்தத்தோடு பாத்திர அலமாரிக்குப் போங்கள்

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். பாத்திரத்தின் பக்கவாட்டில் வைக்காதீர்கள், அடியில் வையுங்கள். கெட்டியாக ஒட்டினால் சரி. வழுக்கி விழுகிற மாதிரி லேசாக ஒட்டினால் சூடேறும், ஆனால் மெதுவாக. நம் வீட்டு எவர்சில்வரில் பெரும்பகுதி நிக்கல் கலந்த ரகம், காந்தம் ஒட்டாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாத்திரங்களில் ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாததன் காரணம் இதுதான்.

அடுத்து, ஒரு ஸ்கேலை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே நடுவில் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. பாத்திரம் அதன் மேல் படியாவிட்டால் அடுப்புக்குத் தவறான சூடு தெரியும். உருண்டை அடி இரும்புச் சட்டி, மண்சட்டி, வெண்கலப் பானை மூன்றும் வேண்டாம்.

ஈயச் சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும். கடையில் கிடைக்கும் இண்டக்‌ஷன் இடைத்தட்டை (அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் வைக்கும், காந்தம் ஒட்டும் உலோகத் தட்டு) வைத்து அதில் ரசம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தட்டு 232 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்கவைத்து, நுரை கூடியதும் ஈயச் சொம்புக்கு மாற்றுவதே பாதுகாப்பு. பொதுவாகவே இடைத்தட்டு எனக்குப் பிடிக்காத பொருள். மின்சாரம் வீணாகும், அடியில் இருக்கும் கண்ணாடியும் தேவையில்லாமல் கொதிக்கும்.

பிளக் பாயிண்ட்

2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். மிக்ஸி போடும் சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்டில் இதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், அதற்கு வரும் செம்பு ஒயர் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய வீடானால் எலக்ட்ரீஷியனை அழைத்து இதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கன்வெர்ஷன் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் ஆபத்து. பத்து நிமிடம் சமைத்த பிறகு அடுப்பை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டாலோ, பழுப்பேறியிருந்தாலோ, உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. சாக்கெட்டை மாற்றிய பிறகுதான் மறுபடி அடுப்பைப் போட வேண்டும்.

சோதனை: ஒரு லிட்டர் தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீரை மூடி போட்டு 2000 வாட்டில் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர மூன்று, மூன்றரை நிமிடம் ஆகலாம். ஐந்தைத் தாண்டினால் பாத்திரம் சரியில்லை, அல்லது வோல்டேஜ் குறைவு. வேறொரு பாத்திரத்தில் அதே சோதனையைச் செய்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

குக்கர்: விசிலை எண்ணாதீர்கள்

கேஸில் மூன்று விசில் என்றால் இங்கேயும் மூன்று விசில் என்று வைத்தால் பருப்பு வேகாது. இண்டக்‌ஷனில் அழுத்தம் சீக்கிரம் ஏறி, விசில்கள் அடுத்தடுத்து வந்துவிடும். பருப்புக்கு வேண்டியது நேரம். முதல் விசில் வரை 1600 வாட். வந்ததும் 400 அல்லது 500க்கு இறக்கி, துவரம்பருப்புக்கு 10 நிமிடம், பொன்னி பச்சரிசிக்கு 6 நிமிடம். அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். முழு வாட்டிலேயே விட்டால் விசில் வழியாகத் தண்ணீர் வெளியேறி அடி பிடிக்கும், வெறும் அடி சூடேறிப் புடைக்கும். புடைத்த குக்கர் அதற்குப் பிறகு இண்டக்‌ஷனுக்கு ஆகாது.

தோசைக்கல்: பொறுமை வேண்டிய இடம்

பெரும்பாலானோர் இண்டக்‌ஷனைக் கைவிடுவது தோசையில்தான். நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாக நிற்கும், மாவு கரண்டியோடு சுருண்டு வரும்.

வீட்டு இண்டக்‌ஷனின் சுருள் பொதுவாக 16 முதல் 18 சென்டிமீட்டர் விட்டம்தான் இருக்கும். 30 சென்டிமீட்டர் கல்லை வைத்தால் சுற்றிலும் ஆறு சென்டிமீட்டருக்கு நேரடிச் சூடே கிடையாது. அங்கே சூடு கல் வழியாகத்தான் நகர்ந்து போக வேண்டும், வார்ப்பிரும்போ அலுமினியத்தைவிடப் பல மடங்கு மந்தமான வெப்பக்கடத்தி. வாட்டைக் கூட்டினால் நடு இன்னும் காயுமே தவிர ஓரத்துக்குப் போகாது. நேரம் கொடுப்பது ஒன்றே வழி.

1. கல்லின் விட்டம் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அடி முழுக்கத் தட்டையாக இருக்கட்டும். அடியில் வளையம் போல விளிம்பு இருக்கும் கல் வேண்டாம்.

2. 500 வாட்டில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். குளிர்ந்த வார்ப்பிரும்பை நேரே 2000 வாட்டில் வைத்தால் நடு விரியும், ஓரம் விரியாது. கல் விரிசல் விடலாம். மெல்லிய இரும்புத் தகட்டுக் கல்லானால் நடுவில் எழும்பிக் கண்ணாடி மேல் பம்பரம் போலச் சுற்றும்.

3. ஓரத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நடுவில் பொரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஓரத்தில் பொரிந்தால்தான் கல் தயார்.

4. தண்ணீர் தெளித்து, எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்த்து, நடுச்சூட்டைத் தணித்த பிறகு மாவை ஊற்றுங்கள். பரப்பி முடித்ததும் 900 வாட். எடுத்ததும் மறுபடி 500.

5. இடையில் கல்லை நகர்த்த வேண்டுமானால் தூக்கி வையுங்கள். இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

‘தோசை’ என்று எழுதிய பட்டனை மறந்துவிடுங்கள். அது கண்ணாடியின் நடுவில் இருக்கும் உணரியை நம்பி வேலை செய்கிறது. கனமான கல்லில் அந்த அளவீடு பின்தங்கியே வரும். அதனால்தான் முதலில் அதிகம் காய்ந்து, பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. வாட்டை நேரடியாக மாற்றும் வசதி உள்ள மாடலையே வாங்குங்கள். தொடுதிரையைவிட அழுத்தும் பட்டன் மேல். ஈரக் கைக்கும் நீராவிக்கும் தொடுதிரை ஒத்துழைக்காது.

நான்ஸ்டிக் தவாவானால் முன்சூடு இரண்டு நிமிடம் போதும், 600 வாட்டுக்கு மேல் வேண்டாம். காலித் தவா அதிக வாட்டில் 260 டிகிரியைச் சீக்கிரம் தாண்டும். அதற்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும்.

பாலும் தாளிப்பும்

300 வாட் என்று திரையில் காட்டினாலும் பல மாடல்கள் உண்மையில் 300 வாட் தருவதில்லை. சில நொடி 1000 வாட், சில நொடி பூஜ்யம் என்று விட்டுவிட்டு ஓடும். பால் எழும்பி அடங்கி எழும்புவது அதனால்தான், மெல்லிய அடிப் பாத்திரத்தில் பிடிப்பதும் அதனால்தான். கனமான அடி உள்ள பாத்திரத்தைத் தண்ணீரில் அலசிவிட்டு, 800 வாட்டில் காய்ச்சுங்கள்.

தாளிப்புக் கரண்டியை அடுப்பு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அடி 12 சென்டிமீட்டராவது இருந்தால்தான் பாத்திரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். சாம்பார் வைக்கும் பாத்திரத்திலேயே முதலில் தாளித்துவிட்டு, காயைச் சேர்த்துச் சமைப்பது எளிது.

செலவுக் கணக்கு

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள ஆற்றல் சுமார் 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் 55 முதல் 60 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்தால் ஏறக்குறைய 100 முதல் 108 யூனிட். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஈடு சுமார் 120 யூனிட். அதை உங்கள் பில்லின் கடைசி அடுக்கு வீதத்தால் பெருக்கி சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். சராசரி வீதத்தைப் போட்டால் கணக்கு பொய்க்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்களின் செலவும் ஏறுகிறது. ஏற்கெனவே 450இல் நிற்கிற வீடு முழுச் சமையலையும் மாற்றினால் லாபம் கிடைக்காது. 250இல் நிற்கிற வீட்டுக்கு இடம் இருக்கிறது.

பணத்தைத் தவிர எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சுடர் இல்லாததால் மே மாதத்திலும் ஃபேன் போட்டுக்கொண்டு சமைக்கலாம், கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் இல்லை. எண்ணெய்ப் புகை மட்டும் அப்படியே இருக்கும், அதற்கு ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை

அடிக்கடி வரும் கேள்விகள் சில. ரீங்காரச் சத்தம் பெரும்பாலும் அடுக்கடுக்காக ஒட்டிய அடியின் அதிர்வு, வாட்டைக் குறைத்தால் அடங்கும். பாதியில் நின்று எரர் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது அடியில் உள்ள ஃபேன்: பேப்பரோ துணியோ விரித்து அதன் மேல் வைத்திருந்தால் காற்று போகாது. பின்பக்கம் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சமைத்து முடித்ததும் ஃபேன் நிற்கும் வரை மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள். இரவில் கரப்பான் உள்ளே புகுந்து போர்டை ஷார்ட் ஆக்குவது சாதாரணமாக நடப்பது, அதனால் துடைத்து உயரமான அலமாரியில் வையுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இயங்கும் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், பயன்படுத்தும் முன் தங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.