பாய்மரக் கப்பலில் இரவுக் காவலா? முதலில் கண்ணைப் பழக்குங்கள்

இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் தரங்கிணி போன்ற பாய்மரப் பயிற்சிக் கப்பலில் ஏறப்போகிறவர்களுக்கு இது. நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான காவல்தான் ஆளைச் சாய்த்துவிடும். கடைசி நிமிடத்தில் எழுந்து ஓடாமல், அரை மணி நேரம் முன்பே மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து! மங்கலான சிவப்பு டார்ச் மட்டும் போதும்.

தூரத்தில் மினுக்கென்று ஒரு விளக்கு தெரிகிறதா? நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரியும். பிறகு திசைகாட்டியில் அது இருக்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்தும் கோணம் மாறாமல் விளக்கு மட்டும் நெருங்கி வந்தால் மோதும் ஆபத்து உண்டு. உடனே அந்த நேரக் காவலுக்குப் பொறுப்பான கப்பல் அதிகாரியிடம் சொல்லுங்கள். வெறும் சந்தேகம் என்றாலும் சொல்லலாம், தப்பே இல்லை.

பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்டாமல் தளத்தில் நடமாடாதீர்கள். நம்மூர்க் கடல்தானே என்று மெல்லிய சட்டையோடு வந்தால் விடியற்காலைக் காற்றில் பல் தந்தியடிக்கும். காபியைக் காவலின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். 4 மணிக்குக் குடித்தால் அப்புறம் படுக்கையில் புரள வேண்டியதுதான்.