வேலூர் வீட்டில் டிஷ்ஷும் ஹோம் தியேட்டரும்: மாடியிலிருந்து கூடம் வரை

ஹோம் தியேட்டர் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாட்ஸ் எத்தனை என்றும், அடுத்து ஊஃபர் எத்தனை அங்குலம் என்றும் கேட்கிறார்கள். மாடியில் இருக்கும் டிஷ் எந்த ஒலியை இறக்கித் தருகிறது, செட்டாப் பாக்ஸின் பின்புறத்தில் எந்தத் துளை வழியாக அந்த ஒலி வெளியே வருகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே மாடியில் தொடங்கி, கம்பி வழியே இறங்கி, கடைசியாக ஸ்பீக்கருக்கு வருவதே முறை. பணத்தையும் அதே வரிசையில் செலவிடுவது நல்லது.

எந்தச் சேவைக்கு எந்தத் திசை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்கும் இலவசச் சேவை, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வேலூரிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 131 டிகிரியில், தரையிலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அக்கினி மூலையிலிருந்து கிழக்குப் பக்கமாக நான்கு டிகிரி தள்ளி என்று வைத்துக்கொண்டால் போதும். டாடா ப்ளே பயன்படுத்தும் 83 டிகிரி, தெற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 17 டிகிரி தள்ளி, 74 டிகிரி உயரத்தில் கிடைக்கும். ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டில் எங்கே இருந்தாலும் இந்த எண்கள் இரண்டு மூன்று டிகிரிக்குள்ளேயே மாறும்.

ஊரைச் சுற்றி மலை இருப்பதால் சிக்னல் வராது என்று சிலர் தயங்குவதுண்டு. 67 டிகிரி உயரத்தில் இருப்பதை மறைக்க வேண்டுமென்றால், பத்தடி தூரத்தில் உள்ள தடை டிஷ்ஷைவிட இருபத்து நான்கு அடி உயர்ந்திருக்க வேண்டும். தொலைவில் உள்ள எந்த மலையும் அந்தக் கணக்கில் வராது. டிஷ்ஷை ஒட்டி நிற்கும் தென்னை, அடுத்த வீட்டுக்காரர் புதிதாக எழுப்பும் இரண்டாவது மாடி, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவையே உண்மையான தடைகள்.

டிஷ்ஷை நிறுத்தும்போது கண்ணை நம்பக் கூடாது. வீடுகளில் மாட்டுவது ஆஃப்செட் வகை. அதன் முகம் பார்க்கும் திசையைவிட இருபது டிகிரிக்கும் அதிகமான உயரத்திலிருந்து அலைகளை வாங்கும்படி அது வளைக்கப்பட்டிருக்கிறது. அதனால் 67 டிகிரி உயரத்தைப் பிடிக்கும் டிஷ், பார்வைக்குத் தாழ்வாகவே சாய்ந்திருப்பதாகத் தோன்றும். பின்புறத் தாங்கியில் பொறித்துள்ள உயர அளவுகோலில் எண்ணை வைத்து, தூண் செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டப்பலகையால் சோதித்த பிறகே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் அளவுகோல் காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை. கைப்பேசியின் திசைகாட்டியை இரும்புத் தூணின் அருகே வைத்துப் பார்க்காமல், நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷில் விளிம்பை அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடும்; இரண்டு டிகிரி மாறினால் வேறு செயற்கைக்கோளே கிடைத்துவிடலாம். 2010 ஜூலையில் 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டு, சன் டைரக்ட் 91.5 டிகிரியில் உள்ள மீசாட்-3க்கு மாறியபோது டிஷ்ஷின் பார்வையையும் மாற்ற வேண்டியிருந்ததை நினைத்துப் பார்த்தால், இந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆகவே நட்டை அரைகுறையாக இறுக்கி, நூலிழை நகர்த்தி, பாக்ஸ் எட்டிப் பிடிப்பதற்கு ஓரிரு வினாடி காத்திருந்து, பிறகு மறுபடி நகர்த்த வேண்டும். திரையில் தெரியும் இரண்டு பட்டைகளில் ஸ்ட்ரெங்த் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வானத்தில் எங்கே காட்டினாலும் அது ஓரளவு ஏறி நிற்கும். குவாலிட்டி என்ற பட்டை ஏறுகிறதா என்பதே கேள்வி. அது உச்சத்தைத் தொட்டதும், டிஷ்ஷின் முன்னால் கை முனையில் அலைகளை வாங்கும் எல்என்பியைப் பிடிப்பிற்குள் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தென்னிந்தியாவில் அதை நேராக நிறுத்தினால் போதாது; கணிசமாகத் திருப்ப வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் விட்ட வீடுகளில்தான் பாதிச் சேனல்கள் தெளிவாகவும் மீதி கட்டம் கட்டமாகவும் தெரிகின்றன.

டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் கம்பிக்கு ஆர்ஜி-6 என்ற வகை தவிர வேறெதையும் வாங்காதீர்கள். கம்பி முனையில் திருகும் எஃப் கனெக்டரை மாட்டும்போது வெளிப்பின்னலில் உள்ள ஒரே ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் எல்என்பிக்குப் போகும் மின்சாரம் குறுக்குச்சுற்றாகி, பாக்ஸ் சிக்னலே இல்லை என்று சொல்லும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த இழை கண்ணுக்குத் தெரியும். கையால் தடவினால் தெரியாது. நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் மட்டமான உறை இரண்டு கோடையில் வெடித்துவிடும். அந்த வெடிப்பு வழியாக அக்டோபர் மழைநீர் உள்ளே இறங்கும். சுவர்த்துளைக்கு முன்பாகக் கம்பியை ஒருமுறை கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலே எடுத்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கை மட்டும் பிடுங்குவது போதாது. டிஷ் கம்பியையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும்.

இனி கூடம். வாங்குவதற்கு முன்பே உங்கள் பாக்ஸ் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இலவச டிஷ் பாக்ஸ்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோ ஒலியை மட்டுமே தருகின்றன. சாதாரண எஸ்டி சேனல்களும் அப்படித்தான். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று ஆறாகப் பிரியும் டால்பி 5.1 ஒலி சில எச்டி சேனல்களில் மட்டும், அதுவும் எச்டி பாக்ஸ் இருந்தால் மட்டும் கிடைக்கும். நாள் முழுவதும் செய்தியும் நெடுந்தொடரும் ஓடும் வீட்டிற்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர்களே போதும் என்பது என் முடிவு. ஆறு சுமாரான ஸ்பீக்கர்களைவிட அவை வசனத்தைத் தெளிவாகச் சொல்லும்.

நம் ஊர்ப் பக்கம் கடைகளில் அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்ளிஃபயரை விரும்புகிறவர்கள் நிறைய. விலைக்கு நல்ல சத்தம் தரும், பழுதானால் அந்தத் தெருவிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் பின்புறத்தில் உள்ள ஆறு ஆர்சிஏ துளைகளுக்கு (வட்டமான ஒலித் துளைகள்) ஆறு தனித்தனி ஒலிகள் தேவை, டிடிஎச் பாக்ஸோ சிவப்பு, வெள்ளை என்று இரண்டை மட்டுமே தருகிறது. உள்ளே வைக்கப்படும் ப்ரோலாஜிக் போர்டு அந்த இரண்டிலிருந்து மற்றவற்றை ஊகித்துப் பிரிக்கிறது. அது உண்மையான 5.1 ஆகாது. உண்மையானது வேண்டுமென்றால், ஆறு ஒலிகளையும் பிரித்துத் தரும், ஆப்டிகல் (ஒளிக்கம்பி) உள்ளீடுள்ள டிகோடர் போர்டைக் கேட்டு வாங்கி, பாக்ஸின் ஆப்டிகல் துளையிலிருந்து நேராக இணையுங்கள். டிவி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தால் சில டிவிகள் அதை ஸ்டீரியோவாகச் சுருக்கியே வெளியே விடும். கம்பெனி ரிசீவரோ சவுண்ட்பாரோ என்றால், டிவியில் ஏஆர்சி என்று குறித்த, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்தி, பாக்ஸ், டிவி இரண்டின் ஒலி அமைப்பிலும் பிசிஎம் என்பதை மாற்றி, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் டால்பி அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று வைக்க வேண்டும். புதிய 5.1 பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றமே காரணம்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்காருமிடத்திலிருந்து இருபுறமும் முப்பது டிகிரியில், காது உயரத்தில் இருக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்தள்ளி, அதாவது நேர் முன்பக்கத்திலிருந்து 110 டிகிரி அளவில். அவற்றை எதிர்ச்சுவர் மூலையில் கூரையை ஒட்டி ஆணியடித்து மாட்டும் வழக்கம் அழகுக்கு உதவலாம், ஒலிக்கு உதவாது. சிவப்பு, கருப்பு முனைகள் ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் பேஸ் காணாமல் போகும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் வீடே அதிரும், ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி முழங்கும். அதை நீங்கள் உட்காரும் இடத்தில் தற்காலிகமாக வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக நடந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மாற்றுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலி அதிகம் என்பதால், தரையில் ஒரு ஜமக்காளமும் சன்னலுக்குக் கனத்த திரையும் போட்ட பிறகே ட்ரெபிளைத் தொடுங்கள்.

மின்வெட்டில் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஸ்பீக்கரில் உர்ரென்று இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்க வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் அது இயல்பு, சைன் அலை வகையில் வராது. அதேபோல மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் முற்பகலில் சில நிமிடம் படம் உடைந்தால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஏறிப்போய் டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்.