டீகப் நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோவையில் நாய்களுக்கான குரூமிங் கடை வைத்திருக்கிறேன். பொமரேனியன், ஷிட்ஸூ, சிவாவா என்று பொடிசுகள்தான் அதிகம் வரும். இப்போதெல்லாம் கூடைக்குள் துண்டு விரித்து, உள்ளங்கையளவு குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "டீகப்புங்ணா, இதுக்கு மேல வளராதுங்களாம்" என்கிறார்கள். டீகப் என்றால் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு என்று அர்த்தமாம். ஒரு காலத்தில் நாங்கள் ஏமாந்த அதே பேச்சு, விலைதான் ஏறியிருக்கிறது. தடுப்பூசி போடுங்கள், சாக்லேட் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டீகப் என்று தனி இனம் இருப்பதாக நம்புவது

கிடையாது. நாய்களை இனவாரியாகப் பதிவு செய்யும், சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழில் 'பொமரேனியன்' என்று இருக்கும், 'டீகப் பொமரேனியன்' என்று இருக்காது. அமெரிக்காவின் சிவாவா கிளப் இந்தப் பெயரில் விற்பதை வெளிப்படையாகவே எதிர்க்கிறது.

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்புவது

குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். பால்பல் மூன்றாவது வாரவாக்கில் முளைக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்தையொட்டி 28 பல்லும் வந்துவிடும். பொடி இனங்களில் கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஆனால் 'மூணு மாசக் குட்டி' என்கிறார், விரலை விட்டால் கடைவாயில் வெறும் ஈறுதான் தட்டுப்படுகிறது என்றால், அது இன்னும் தாயிடம் இருக்க வேண்டிய குட்டி. அது சின்னதாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது.

வளர்ந்துவிடும் என்று தீனியைக் குறைப்பது

எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்காத விஷயம் இது. குட்டியோடு ஒரு அறிவுரையும் சேர்த்து அனுப்புகிறார்கள்: "காலைல கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். அதுக்கு மேல போட்டா சைஸ் போயிடும்." தீனி போட்டால் வளரும் என்றால் அது வளர வேண்டிய குட்டிதானே? பிறகு எதற்கு இரட்டை விலை? விற்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. குட்டி வளர்ந்தாலும் "நீங்க அதிகமா போட்டுட்டீங்க", செத்தாலும் "நீங்க சரியா பாக்கலை".

உள்ளே நடப்பது இதுதான். இவ்வளவு சின்ன உடம்பில் கொழுப்பும் தசையும் சொற்பம், கல்லீரலில் சேமிப்பும் சொற்பம். சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், பிறகு வலிப்பு. இந்த வயதில் ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி பொமரேனியன் குட்டியைக் குளிப்பாட்டக் கொண்டுவந்தாள். மேஜையில் விட்டதும் நான்கு கால்களும் நான்கு பக்கம் சறுக்கின. தூக்கம் என்று நினைத்திருக்கிறாள். உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளிறி, சில்லென்று இருந்தது. குளுக்கோஸைக் கரைத்து ஈறில் தடவி, துண்டில் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். (தேனும் தடவலாம். வாய்க்குள் மட்டும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.) விசாரித்தால், இருமல் மருந்து மூடியில் அளந்து இரண்டு வேளை கொடுத்திருக்கிறாள். விற்றவர் சொன்னாராம்.

குட்டி பிழைத்துக்கொண்டது. இப்போது மூன்று கிலோவுக்கு மேல் இருக்கிறது, கடைக்கு வந்தால் என்னைப் பார்த்துக் குரைக்கிறது.

பட்டினி போட்டாவது சின்னதாக வைத்திருக்கலாம் என்றால், அதுவும் நிச்சயமில்லை. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாய் தகப்பன் வாகு. பட்டினியால் கெடுவது எலும்பு. ஏற்கெனவே குச்சி மாதிரி இருக்கும் முன்னங்கால், சோபாவிலிருந்து குதித்தாலே முறிந்துவிடும்.

உச்சந்தலையைத் தடவிப் பார்க்காதது

சிவாவாவுக்கு உச்சிக்குழி கொஞ்சம் இருப்பது சகஜம். ஆனால் குழி பெரிதாக இருந்து, தலை உப்பி, கண்கள் விலகிப் பார்த்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். முன்பணத்துக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

கழுத்துப்பட்டையில் இழுத்துக்கொண்டு போவது

மூச்சுக்குழாய் நசுங்கும். மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

போட்ட பணத்தைக் குட்டி போடவைத்து எடுக்க நினைப்பது

ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு சோப்ளாங்கி பிறப்பது இயற்கை. நல்ல பிரீடர் (நாய்களை இணைசேர்த்துக் குட்டி விற்பவர்) அதைக் கருத்தடை செய்து வளர்க்கச் சொல்லி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். நம் ஆட்கள் அதற்குத்தான் அதிக விலை வைத்து, அந்த மாதிரி இரண்டைத் தேடிப்பிடித்து இணையும் சேர்க்கிறார்கள். ஒன்றரைக் கிலோ தாய்க்குக் குட்டியின் தலை வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் சிசேரியன்தான். அந்த எடைக்கு மயக்க மருந்தே தனி ஆபத்து. "கேக்கறவங்க இருக்காங்க, கொடுக்கறோம்" என்று விற்பவர்கள் சொல்வது பொய் இல்லை. அதனால் அது சரியாகியும் விடாது.

தாயைப் பார்க்காமல் ஜிபே செய்வது

வீடியோவில் காட்டுகிற தாய் கணக்கில் வராது. நேரில் போங்கள். காட்ட மறுத்தால் வண்டியைத் திருப்புங்கள்.